வீட்டுக்குக் கட்டிய பாவாடை

சிலரைக் குடி கெடுக்கும், சிலரைச் சீட்டாட்டம் கெடுக்கும். என்னைக் கெடுத்தது கொங்கிறீற்று. குடிகாரருக்கும் சூதாடிகளுக்கும் ஒஸ்லோவில் ஆறுதல் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். வட்டமாக உட்கார்ந்து மனம் விட்டுக் கதைக்கலாம், கோப்பியும் தருவார்கள். தேவைக்கு மேல் கொங்கிறீற்று ஊற்றியவனுக்கு அப்படி ஒரு வட்டம் கிடையாது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் படிப்பைச் சொல்லிவிட வேண்டும். பெருமைக்காக அல்ல, குற்றத்தின் கனம் உங்களுக்கு விளங்குவதற்காக. நான் பௌதிகவியலில் பட்டம் பெற்றவன். ஓய்வு பெறும்வரை தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்தேன். சனிக்கிழமைகளில் நம்மவர்களின் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்தேன். தண்ணீர் உறைந்தால் விரியும் என்பதை, மூடிய போத்தலை உறைபெட்டியில் வைத்து வெடிக்கவைத்து, ஒரு தலைமுறைக்கே கண்ணால் காட்டியவன் நான். (என் மனைவி றீற்றாவின் ஊறுகாய்ப் போத்தல்கள் பல அந்த வழியில் உயிர்விட்டன.) இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

றீற்றா முதியோர் இல்லத்தில் வேலை செய்து முழங்கால் தேய்ந்தவள். ஓய்வு பெற்றபோது அவள் கேட்டது ஒன்றைத்தான்: யன்னலால் பார்த்தால் தண்ணீர் தெரிகிற ஒரு சின்ன இடம். ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் எங்கள் மாடி வீட்டு யன்னலால் பார்த்தால் இன்னொரு மாடி வீட்டின் யன்னல்தான் தெரியும். திராமன் நகரத்தைத் தாண்டி, பியோர்ட் என்ற கடற்கழியின் கரையில், விடுமுறைக் குடில்கள் நிற்கும் ஒரு காம்பிங் நிலத்தில், வயதான நோர்வேக்காரர் ஒருவர் விற்ற வீட்டை அவளுக்காக வாங்கினோம்.

வீடு என்று நான் சொல்வதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழிற்சாலையில் முழுதாகச் செய்து, லொறியில் இழுத்துவந்து, சீமெந்துக் கட்டைகளின் மேல் இருத்திவிட்டுப் போன சாமான் அது. இரண்டு சிறிய அறைகள், ஒரு கூடம், சமைக்க ஒரு மூலை. தரைக்குக் கீழே இரும்புச் சட்டம். சட்டத்தின் அடியில் நாலு சில்லுகள்.

இப்படியான வீடுகளுக்கு அடிப்பாகத்தைச் சுற்றி மறைப்பு ஒன்று கட்டுவது வழக்கம். அடியால் காற்று அடித்தால் தரை பனிக்கட்டியாகிவிடும். காட்டிலிருந்து ஏதாவது வந்து குடியேறியும் விடும். நோர்வேக்காரர் அந்த மறைப்பைத் தங்கள் மொழியில் பாவாடை என்றுதான் சொல்கிறார்கள். பழைய சொந்தக்காரர் கட்டிய பாவாடை உக்கிக் கழன்றுபோயிருந்தது. புதியது ஒன்று வேண்டும் என்று றீற்றா சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் சோம்பலைப் போக்கியது குளிர் அல்ல, என் மகளின் கலியாணம்.

அனித்தா எங்களுக்கு ஒரே பிள்ளை. ஒஸ்லோவில் பிறந்து, மருந்தியல் படித்து, மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று ஒரு நாள் சொன்னாள். பெயர் ஜெரால்ட், ஊர் தூத்துக்குடி, கப்பல் இயந்திரங்கள் சம்பந்தமான வேலைக்கு ஒஸ்லோ வந்தவர். எங்களைப் போலவே கத்தோலிக்கர். அத்தோடு என் முதல் ஆட்சேபணை பிறக்கும் முன்னரே செத்துப்போனது. யாழ்ப்பாணத்துத் தகப்பன் ஒருவன் இரண்டாவது ஆட்சேபணை இல்லாமல் வாழமாட்டான்.

"அவையளுக்குச் சொந்த வீடு இருக்கோ?" என்று கேட்டேன்.

"தகப்பன் துறைமுகத்திலை வேலை. குவாட்டர்ஸிலை இருந்தவை. இப்ப வாடகை வீடு."

"அப்ப அத்திவாரம் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை."

"நாங்களும் நகரசபை தந்த கொம்யூன் வீட்டிலைதானே அப்பா கனகாலம் இருந்தனாங்கள்?"

"அது வேறை."

தோற்றுப்போன வாதத்தைக் காப்பாற்ற நான் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்திய இரண்டு சொற்கள் அவை.

மகளிடம் கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பையனின் பெற்றோருடன் முதன்முதலாக வீடியோவில் கதைத்தபோது, சுகம் விசாரித்து முடிந்ததும், என் ரியூசன் குரலில் அவர்களிடமே கேட்டேன்: "உங்களுக்கு என்று அத்திவாரம் போட்டுக் கட்டிய வீடு ஏதாவது இருக்கிறதா?"

தகப்பன் சேவியர் சிரித்தார். "அதெல்லாம் இல்லீங்க சார். துறைமுகத்துலயே காலம் ஓடிப்போச்சு."

பக்கத்தில் இருந்த தாயார் ஸ்டெல்லா திரையைவிட்டு எழுந்து போனார். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். பிறகு, "யோசிப்போம்" என்றேன். அந்த யோசனை ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது. அனித்தா வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் தாயோடு சமையலறையில் கதைத்துவிட்டு, எனக்குக் கை காட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த கோடையில் ஒரு நாள் வந்து என் முன்னால் இருந்தாள். "வாற பாஸ்காவுக்கு, ஈஸ்ரர் லீவுக்கு, ஜெரால்டின்ரை அம்மா அப்பா ஒஸ்லோ வருகினம். நேரிலை பாத்து ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லிவிடுங்கோ. அதுக்குப் பிறகு நான் உங்களைக் கேக்கமாட்டன்."

"எங்கை சந்திக்கிறது?"

"ஹித்தையிலை. அவைக்குப் பியோர்ட் பாக்க ஆசையாம்."

ஓய்வெடுக்கப் போகும் சின்ன வீட்டை நோர்வேயில் அப்படித்தான் சொல்வார்கள். அனித்தா அந்தச் சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கோ அந்த வீட்டின் நாலு சில்லுகளும் ஞாபகத்துக்கு வந்தன. வாடகை வீட்டுக்காரரைப் பார்த்து அத்திவாரம் எங்கே என்று கேட்ட மனிதன், அவர்களைச் சில்லு வைத்த வீட்டில் வரவேற்கப் போகிறான்.

அந்தக் கிழமையே பாவாடை வாங்கத் திராமனுக்குப் போனோம். றீற்றாவுக்குத் திகைப்பு. பல மாதங்கள் கேட்டும் நகராத மனிதன், காரில் ஏறி அவளுக்காக ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

கட்டுமானப் பொருட்கள் விற்கும் கடையில் அவள் வெள்ளை மரச் சட்டங்களால் ஆன தட்டியைப் பிடித்துப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, இது வடிவாயிருக்கு. காத்தும் போகும். ஒரு பக்கத்திலை சின்னக் கதவு வைச்சால் என்ரை பூச்சாடியளையும் உள்ளுக்கு வைக்கலாம்."

"காத்து மட்டுமில்லை, கண்ணும் போகும்."

"ஆரின்ரை கண்?"

நான் அடுத்த வரிசைக்கு நடந்தேன். அங்கேதான் அது இருந்தது. கருங்கல் சுவர் போல அச்சடித்த பிளாஸ்ரிக் பலகைகள். தூரத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், கோட்டைச் சுவர் போல இருந்தது. கிட்டப் போனால்தான் ஒவ்வொரு பலகையிலும் அதே கல்லில், அதே மூலையில், அதே பாசி படிந்திருப்பது தெரியும். சம்பந்தி வீட்டார் பாசியைப் பார்க்கவா வருகிறார்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

பலகைகளை வீட்டைச் சுற்றிப் பூட்டியதும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினேன். டொக் என்றது. வெறும் பெட்டியைத் தட்டிய சத்தம்.

இந்த இடத்தில் நம்மவரின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஒருவர் புதிதாக வாங்கிய வீட்டுக்குப் போனால், சப்பாத்தைக் கழற்றுவோம், வடிவான வீடு என்போம், பிறகு வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துச் சுவரைத் தட்டுவோம். ஒஸ்லோவில் நான் தட்டாத தமிழர் வீட்டுச் சுவர் கிடையாது. "ஓ, வெறும் அட்டைச் சுவரோ?" என்று கேட்டு எத்தனை குடிபூரல்களின் சந்தோசத்தைக் கெடுத்திருக்கிறேன். தட்டியவனுக்குத்தான் தட்டுக்குப் பயம். சேவியர் வந்து தட்டினால் என் கோட்டைச் சுவர் டொக் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே பலப்படுத்தினேன். பலகைக்குப் பின்னால் தடித்த மரச் சட்டம் அடித்தேன். சட்டத்தின் மேல்பக்கத்தை வீட்டின் இரும்புச் சட்டத்தோடு நீளமான திருகாணிகளால் இறுக்கினேன். கீழே வீட்டைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டி, மரக்கால்களை அதற்குள் இறக்கி, கொங்கிறீற்று ஊற்றினேன். பிறகு கொஞ்சம் மிச்சமிருந்தது என்று இன்னும் ஊற்றினேன். இடைவெளிகளை நுரை அடித்து மூடினேன். இப்போது தட்டினால் சத்தம் வரவில்லை, விரல்தான் நொந்தது. வீட்டை நிலத்தோடு அசையாமல் கட்டிவிட்டேன். அந்த நிலம் களிமண் என்பதும், களிமண் தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்பதும், நோர்வேயில் அந்தத் தண்ணீர் பனிக்காலத்தில் என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். படிப்பு ஒரு பக்கம், மனிதன் ஒரு பக்கம்.

பக்கத்து வீட்டுக்காரி பெரிட், நாயோடு நடந்து போனவர், நின்று பார்த்தார். "சொலிட்," என்று ஒரே ஒரு சொல், உறுதி என்ற அர்த்தத்தில், சொல்லிவிட்டுப் போனார். நோர்வேக்காரர் ஒரு வேலையை ஒரே சொல்லில் பாராட்டினால் அது பாராட்டு அல்ல என்பதை இத்தனை காலம் இந்த நாட்டில் இருந்தும் நான் படிக்கவில்லை. அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு அனித்தா வந்து பார்த்தாள்.

"இதென்னப்பா, எங்காலை உள்ளுக்குப் போறது?"

"உள்ளுக்கு ஏன் போகவேணும்?"

"தண்ணிக் குழாயிலை ஏதும் பிழைச்சால்? காத்துப் போகவாவது ஓட்டை விட்டிருக்கலாமே."

"ஓட்டை வைச்சால் உள்ளை வெறும் இடம் எண்டு தெரிஞ்சிடும்."

"ஆருக்கு?"

றீற்றா என் வேலையைத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "பாவாடை எண்டால் கொஞ்சம் ஆடவேணும். நீங்கள் இதுக்கு இறுக்கமான காற்சட்டையல்லோ போட்டுவிட்டிருக்கிறியள்." தாயும் மகளும் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள். கட்டடக் கலை முழுவதையும் அவள் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டாள் என்பது எனக்கு விளங்கியது பாஸ்காவில்தான்.

பனிக்காலத்தில் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் விருந்தினர் வருவதாக இருந்தது. சனிக்கிழமையே போய் வீட்டைச் சூடாக்குவோம் என்று போனோம். கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தேன், திறந்தது. உள்ளே ஈரத் துணி மணம்.

"குளிருக்கு மரம் ஊதியிருக்கு," என்றேன்.

றீற்றா கூடத்தில் நாலடி நடந்துவிட்டு நின்றாள். "எனக்கு முழங்காலோ, இல்லை தரை சரிஞ்சு கிடக்கோ?"

"முழங்கால்தான்," என்றேன். இதற்காக நான் இன்றைக்கும் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

திங்கட்கிழமை நல்ல வெயில். மரநிழலில் மட்டும் பனி மிச்சமிருந்தது. அனித்தாவின் காரில் எல்லோரும் வந்து இறங்கினார்கள். ஸ்டெல்லா மஞ்சள் பட்டுச் சேலைக்கு மேல் மகனின் பெரிய குளிர் அங்கியைப் போட்டிருந்தார். சேவியர் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, உள்ளே வராமல் வீட்டைச் சுற்றத் தொடங்கினார். குனிந்து பார்த்தார். மறுபக்கம் போய் இன்னும் குனிந்து பார்த்தார். அத்திவாரத்தைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். கடைசியாகத் தட்டியும் பார்த்தார். சத்தம் வரவில்லை.

"கல்லு மாதிரி இருக்கே சார்."

"கல்லுத்தான்," என்றேன். முதல் நாள்தான் பாஸ்காப் பூசை கண்டு வந்த வாய்.

ஜெரால்ட் இயந்திரம் படித்தவர். என் சுவர் நிலத்தோடு சேரும் இடத்தை ஒரு முறை பார்த்தார், கூரையின் விளிம்பை ஒரு முறை பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். பெண் கேட்டு வந்த இடத்தில் அதற்கு மேல் எவரும் எதையும் பார்க்கமாட்டார்கள்.

எல்லோரும் உள்ளே வந்ததும் நான் செய்ததுதான் இந்தக் கதையின் சிகரம். "கதவைப் பாருங்கோ, எவ்வளவு இறுக்கம். ஒரு சொட்டுக் குளிர் வராது," என்று சொல்லி, என் பலம் முழுவதையும் சேர்த்து அறைந்து சாத்தினேன்.

றீற்றா தேத்தண்ணியும் பலகாரமும் கொண்டுவந்து வைத்தாள். பாஸ்காவுக்கு நோர்வேயில் எல்லோரும் தோடம்பழம், அதாவது ஒரேஞ், தின்பார்கள் என்று ஒரு தட்டில் அதையும் அடுக்கியிருந்தாள். மேலே இருந்த பழம் தட்டிலிருந்து இறங்கி, மேசையில் ஓடி, நிலத்தில் விழுந்து, கூடத்தின் நீளத்துக்கு உருண்டு ஸ்டெல்லாவின் காலடியில் போய் நின்றது. அவர் எடுத்து மேசையில் வைத்தார். அது மறுபடியும் அவரிடமே போனது.

"சார், வீடு ஒரு பக்கமா சாஞ்சிருக்கோ?" என்று சேவியர் கேட்டார்.

"அது மழைத்தண்ணி வழிஞ்சு ஓடுறதுக்கு."

"வீட்டுக்குள்ளயா சார்?"

அனித்தா என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "பின்லி," என்று முணுமுணுத்தாள். மானம் போகிறது என்று தமிழில் சொல்ல மூன்று நாலு சொல் வேண்டியதை இந்தப் பிள்ளைகள் நோர்வேஜிய மொழியில் ஒன்றில் முடித்துவிடுவார்கள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, விசயத்துக்கு வருவோம் என்று ஆயத்தமானேன். சம்மதம் சொல்லத்தான் போகிறேன், ஆனால் சும்மா சொல்லலாமா? குடும்பப் பெருமை, வேர், நிலைத்து நிற்றல் என்று ஒரு சிறிய உரை மனதில் இருந்தது. சேவியர் முந்திக்கொண்டார்.

"சார், எனக்குச் சுகர். கொஞ்சம் அவசரம்."

காம்பிங் நிலத்தில் வசந்தம் வரும்வரை வீடுகளுக்குத் தண்ணீர் கிடையாது. கழிவறை பொதுக் கட்டடத்தில், வெளியே. "வாங்கோ காட்டுறன்," என்று எழுந்து கதவை இழுத்தேன். அசையவில்லை. ஜெரால்ட் இழுத்தார். இருவரும் சேர்ந்து இழுத்தோம். கைப்பிடி கழன்று என் கையோடு வந்தது.

"கதவு இறுக்கம்தான் சார்," என்றார் சேவியர். அவர் முகத்தில் வியர்வை.

யன்னல் ஒன்றுதான் வழி. ஆனால் வெளியே நிலம் எதிர்பார்த்ததைவிட ஆழத்தில் தெரிந்தது. அப்போது பெரிட் நாயோடு வந்தார். யன்னலுக்குள் நாலைந்து தமிழ் முகங்கள் நெருக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து யன்னலின் கீழ் வைத்தார். சேவியர் ஒரு காலை வெளியே போட்டு, தொங்கி, முக்காலியில் இறங்கினார். பெரிட் அவருக்குப் பாஸ்கா வாழ்த்துச் சொன்னார். சேவியர் கை கூப்பிவிட்டு ஓடினார்.

அடுத்ததாக அனித்தாவும் ஜெரால்டும் நானும் இறங்கினோம். ஸ்டெல்லா மறுத்துவிட்டார். "பட்டுச் சேலையோட ஜன்னல்ல குதிக்க நான் வரலை. கதவு திறக்கிறப்போ வர்றேன்." அவர் காலடிக்கு வந்த தோடம்பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். றீற்றா அவருக்குத் துணையாக இருந்தாள். முழங்காலும் காரணம், என் முகத்தைப் பார்க்க விருப்பமில்லாததும் காரணம்.

வெளியே நின்று பார்த்தபோது எல்லாம் விளங்கியது. வெயில் படாத பக்கத்தில் களிமண் உறைந்து மேலே எழும்பியிருந்தது. அதோடு என் கொங்கிறீற்று எழும்பியிருந்தது. கொங்கிறீற்றோடு மரச் சட்டம், மரச் சட்டத்தோடு திருகாணி, திருகாணியோடு வீடு. பனிக்காலம் முழுவதும் பூமி என் வீட்டை ஒரு பக்கத்தால் மெல்லத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. கதவு நிலை கோணி, கதவைக் கவ்விப் பிடித்துவிட்டது. நான் பலப்படுத்தாமல் விட்டிருந்தால் மண் தன்பாட்டில் எழும்பித் தன்பாட்டில் இறங்கியிருக்கும்.

"அப்பா," என்றாள் அனித்தா, "உறைபெட்டிப் போத்தில் ஞாபகமிருக்கோ?" அவளும் என் ரியூசனில் இருந்தவள். நல்ல மாணவி.

அவள் காரிலிருந்து சில்லு மாற்றும் இரும்புக் கம்பியைக் கொண்டுவந்தாள். பெரிட் வீட்டிலிருந்து நிலம் குத்தும் அலவாங்கு ஒன்றும் இரும்பு அறுக்கும் வாளும் வந்தன. ஜெரால்ட் மரியாதையாக, "மாமா, இந்தப் பக்கத்தை வெட்டி விட்டா வீடு தானா இறங்கிடும்," என்றார். மாமா என்று அவர் அழைத்த முதல் தடவை அது. அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. பலகையின் முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றேன்.

"உடைக்கவேண்டாம்."

"ஏனப்பா? அன்ரி உள்ளுக்கு நிக்கிறா."

"உடைச்சால் சேவியர் பாத்திடுவார்."

"எதை?"

எழுபதை நெருங்கும் மனிதன் ஒருவன், பிளாஸ்ரிக் கருங்கல்லுக்குக் காவலாக, கையில் கழன்ற கைப்பிடியோடு நின்றுகொண்டிருந்தான். அப்போதுதான் சேவியர் பாரம் குறைந்த முகத்தோடு திரும்பி வந்தார். என் கோலத்தைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"சார், வந்ததுலருந்து கேட்கணும்னு இருந்தேன். வீல் எங்க சார்?"

அவர் குனிந்து பலகையின் அடியை மறுபடியும் தேடினார்.

"இல்ல, நம்ம அனித்தா பாப்பா போன வருசம் போட்டோ அனுப்பிச்சிருந்தா. அழகா நாலு வீல் இருந்துச்சு. வந்ததும் சுத்திச் சுத்திப் பார்த்தேன், காணோம். கழட்டி வித்துட்டீங்களோன்னு நினைச்சேன்."

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரிஞ்சுதானே சார் வந்தோம்." அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "நீங்க அன்னைக்கு அஸ்திவாரம் இருக்கான்னு கேட்டீங்கள்ல. ஸ்டெல்லா ரெண்டு நாளு சரியா சாப்பிடலை. அவங்கல்லாம் வேற மாதிரி ஆளுங்க, நமக்கு ஒத்துவராது, பையன்கிட்ட சொல்லிருவோம்னு அழுதா. நானும் சரின்னுட்டேன். அப்புறந்தான் பாப்பா இந்தப் போட்டோவை அனுப்புச்சு. அதைப் பார்த்துட்டு இவ சிரிச்சா பாருங்க. அட, இவங்களும் வீல் மேல இருக்கிறவங்கதான், போகலாம்ங்கன்னா. அப்புறம்தான் சார் டிக்கெட்டே போட்டோம்."

யன்னலிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது. "அதை ஏங்க இப்போ சொல்லிக்கிட்டு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டு வாங்கிப் பழக்கமுண்டு. அன்றைக்கு அவர் எழுந்து போனது அடுப்பைப் பார்க்க அல்ல என்பதும், எங்கள் வீட்டில் அவர்களுக்கு வரத் துணிவு தந்த ஒரே பொருளைத்தான் நான் கோடை முழுவதும் பாடுபட்டு மறைத்தேன் என்பதும் ஒரே நேரத்தில் விளங்கின.

கைப்பிடியைக் கீழே போட்டுவிட்டு அலவாங்கை நான் வாங்கிக்கொண்டேன். என் பாவத்தை நானே உடைப்பதுதான் முறை என்று பட்டது. ஓங்கி இரண்டு குத்துக் குத்தியதில் என் இடுப்புத்தான் பிடித்துக்கொண்டது, சுவர் அப்படியே நின்றது. (அந்த அளவுக்கு நல்ல வேலை.) மிகுதியை ஜெரால்டும் அனித்தாவும் செய்தார்கள். பலகைகள் ஒவ்வொன்றாகத் தங்கள் ஒரே பாசியோடு கழன்று விழுந்தன. ஜெரால்ட் படுத்துக்கொண்டு திருகாணிகளை அறுத்தார். கடைசித் திருகாணி போனதும் வீடு நீண்ட முனகலோடு கட்டைகளின் மேல் இறங்கியது. கதவு தானாகத் திறந்தது. றீற்றாவும் ஸ்டெல்லாவும் பலகாரத் தட்டோடு, மகாராணிகள் போலப் படியிறங்கி வந்தார்கள்.

காற்றுப் போய்ச் சப்பையான நாலு சில்லுகள் வெயிலைப் பார்த்தன. சேவியர் ஆசையோடு போய் ஒன்றைத் தடவினார். பிறகு அதன் மேல் ஒரு காலை வைத்து நின்று, மகனைப் படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படம் இப்போது தூத்துக்குடியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

நான் ஸ்டெல்லாவிடம் போனேன். "நான் உங்களிட்டை மன்னிப்புக் கேக்கவேணும். அண்டைக்கு நான் கேட்ட கேள்வி..."

"அதெல்லாம் இருக்கட்டும்ங்க. எங்களுக்குப் பதில் சொல்லுங்க. காலு குளிருது."

"ஓம்," என்றேன்.

அவர் குழம்பிப்போய் மகனைப் பார்த்தார். "என்னடா, மந்திரம் சொல்றார்?"

"ஆமாங்கிறார்மா," என்றார் ஜெரால்ட், நிலத்தில் படுத்தபடியே.

இப்படியாக என் குடும்பப் பெருமை, வேர், நிலைத்து நிற்றல் பற்றிய உரை ஒரு சொல்லில் முடிந்தது. அனித்தா என்னை மன்னிக்க இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது, அதில் நியாயம் இருக்கிறது. பாவாடையைப் பிறகு அவளும் ஜெரால்டும் சேர்ந்து கட்டினார்கள்: றீற்றா முதலில் தொட்டுப் பார்த்த அதே வெள்ளைத் தட்டி, நிலத்தைத் தொடாமல், காற்றடித்தால் லேசாக ஆடுகிற மாதிரி. இந்த நாட்டுக் கலியாணங்களில் பெண்ணின் தகப்பன் எழுந்து நாலு வார்த்தை சொல்வது வழக்கம். அனித்தா அந்தப் பொறுப்பைத் தாயிடம் கொடுத்தாள். நான் குறை சொல்லவில்லை. ஒரு வருடத்தை அவளிடமிருந்து எடுத்தவன் நான். யோசிப்போம் என்று சொல்லிவிட்டு, உண்மையில் ஒரு நாளும் யோசிக்காத வருடம் அது.

றீற்றா மண்டபத்தில் இந்தக் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். அன்றிலிருந்து இது எங்கள் வீட்டுச் சொத்தாகிவிட்டது. இப்போதும் யாராவது தங்கள் மகனுக்கோ மகளுக்கோ கலியாணப் பேச்சு வந்திருக்கிறது என்று எங்கள் வீட்டில் கதை தொடங்கினால், நான் பழக்கதோசத்தில், "அவையள் எப்பிடியான ஆக்கள்?" என்று வாயைத் திறந்துவிடுவேன். மற்றவர்கள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்ப்பார்கள். றீற்றா மட்டும் பலகாரத் தட்டை நீட்டியபடி, குரலை உயர்த்தாமல் சொல்வாள்:

"இஞ்சேருங்கோ, எழும்பிப் போய் அந்த யன்னலை ஒருக்காத் திறந்து விடுங்கோ. சனம் வெளியாலை போகவேண்டி வரும்."

நான் எழுந்து போய்த் திறந்துவிடுகிறேன். தை மாதத்திலும்.